சீனிப் போத்தலில் தொடங்குங்கள்: மலையகத்தில் உடல் எடை குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டிக்கோயாப் பக்கம் அம்மா இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, மெயின் ரோட்டிலிருந்து 140 படி ஏற வேண்டும். அதற்கு மேல் தேயிலைக்கு நடுவே ஒரு குறுக்குப் பாதை. சில வருடத்துக்கு முன் ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) நாள், ஐந்து கிலோ அரிசிப் பையோடு ஏறியவள் எழுபதாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா இறங்கி வந்து பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். "என்னா புள்ள, இதுக்கே இப்பிடி மூச்சு வாங்குற?" அம்மாவுக்கு அப்போது 63 வயது, எனக்கு 38.

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போனால் 18, 20 கிலோ கொழுந்தைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கி, பின்னேரம் வந்த கையோடு விறகுக்கும் போவார். நான் ஹட்டனில் படிப்பிக்கிறேன். போக வர பஸ், பாடசாலையில் கதிரை, வீட்டுக்கு வந்தால் மறுபடி கதிரை. ஆனால் இரண்டு பேர் தட்டும் ஒன்றுதான். காலையில் கனமான இரண்டு கோதுமை ரொட்டி, பகலில் குவித்த சோறு, இரவில் திரும்பவும் ரொட்டி, இடையில் ஆறு தடவை சீனி போட்ட தேத்தண்ணி. மலை ஏறுகிற உடம்புக்கு அளந்த சாப்பாட்டைக் கதிரையில் இருக்கிற உடம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கிய எங்கள் தலைமுறையில் ஆசிரியர், கடைச் சிப்பந்தி, ஆட்டோ ஓட்டுநர், கிளார்க் என்று யாரைப் பார்த்தாலும் முதலில் எனக்குத் தெரிவது இந்தக் கணக்குப் பிழைதான்.

நான் 68 கிலோவிலிருந்து 59.5 கிலோவுக்கு வர 14 மாதம் எடுத்தது. மெதுவான கதைதான். என்ன செய்தேன், எதில் சறுக்கினேன், எதற்கு வைத்தியர்களும் ஆய்வாளர்களும் உண்மையில் ஆதாரம் வைத்திருக்கிறார்கள் என்று வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள் இதைத் தங்களுக்கு என்று எடுக்க வேண்டாம். சுகருக்கு இன்சுலின் போடுபவர்களும் குளிசை குடிப்பவர்களும் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கிளினிக் டொக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். இன்னும் தினமும் மலையில் கொழுந்து எடுப்பவருக்குச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. இரத்தசோகையும் குறை எடையும் எங்கள் லயங்களில் இன்னும் இருக்கின்றன. ஒரே வீட்டில் தாய்க்குச் சத்துப் போதாமலும் மகனுக்குத் தொப்பையும் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

படி 1: தராசுக்கு முன் தையல் டேப்

வீட்டில் தராசு இல்லையென்றால் பரவாயில்லை, தையல்காரரின் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபிறகு சுற்றி அளவுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. டேப்பை ஏமாற்றி யாருக்கு லாபம்? தெற்காசியர்களுக்குப் பெண் என்றால் 80 சென்றிமீட்டர், ஆண் என்றால் 90 சென்றிமீட்டர் எல்லை. அதற்கு மேல் போனால் சுகர், இருதய நோய் இரண்டுக்கும் வாய்ப்புக் கூடுகிறது.

அடுத்தது உடல் திணிவுச் சுட்டி, எல்லோரும் பிஎம்ஐ என்று சொல்வது. கிலோவில் எடையை, மீற்றரில் உயரத்தால் இரண்டு தடவை வகுங்கள். என் உயரம் 1.54 மீற்றர், எடை 68. வகுத்தால் 28.7 வந்தது. 25 வரை சரி என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். ஆசிய உடம்புகளுக்கு 23 இலேயே கவனம் வேண்டும், 27.5 க்கு மேல் ஆபத்துக் கூட என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கிற உடல்வாகு எங்களிடம் அதிகம் என்பதால் இந்தத் தனிக் கணக்கு.

35 வயதைத் தாண்டியிருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். எடை, பிரசர், சுகர் எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். எது எந்தக் கிழமை என்று பக்கத்து ஆஸ்பத்திரியிலோ தோட்டத்து டிஸ்பென்சரியிலோ கேட்டால் சொல்வார்கள். எனக்கு அங்கேதான் சுகர் எல்லைக்கோட்டில் நிற்பது தெரிந்தது.

சரி, எவ்வளவு குறைக்க வேண்டும்? 23 க்குக் கீழே வர வேண்டும் என்றால் நான் 54 கிலோவுக்கு இறங்க வேண்டும். அந்த இலக்கத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு கொத்து ரொட்டி சாப்பிடத்தான் தோன்றியது. அதனால் முதல் இலக்கு உங்கள் எடையில் நூற்றுக்கு 5 மட்டும் இருக்கட்டும். எனக்கு அது 3.4 கிலோ. அமெரிக்காவில் சுகர் வரும் கட்டத்தில் இருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2002 இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், எடையில் நூற்றுக்கு 7 குறைப்பதும் வாரம் 150 நிமிடம் நடப்பதும்தான் கொடுத்த இலக்கு. அந்தக் குழுவில் சுகர் வருவது நூற்றுக்கு 58 குறைந்தது. சின்ன இறக்கம்தான், அதற்கே இந்தப் பலன்.

படி 2: ஒரு காரணம், காலில் தட்டுப்படுகிற மாதிரி

"ஆரோக்கியமாக இருக்க வேண்டும்" என்பது சுவரில் ஒட்டலாம், காலையில் எழுப்பாது. கலியாணத்துக்குள் மெலிய வேண்டும் என்பது எழுப்பும், கலியாணம் முடிந்ததும் படுத்துவிடும். காரணம் உங்கள் உடம்பு நாளாந்தம் முட்டிக்கொள்கிற ஒன்றாக இருந்தால் நல்லது. எனக்கு அந்த 140 படி. நிற்காமல் ஏற வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஆசை கூடிச் சிவனொளிபாதமலை வந்தது. நல்லதண்ணி வழியாக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள், 2,243 மீற்றர் உயரம். டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாதப் போயா வரை பருவம் என்பதால் நாள் குறித்துத் தயாராக வசதியான இலக்கு.

காரணத்தை ஒரு வரியில் எழுதி, கடையில் கொடுத்த கலண்டரின் ஓரத்தில் ஒட்டுங்கள். அப்புறம் அதைப் பற்றி யோசிக்காதீர்கள். உற்சாகம் மலைநாட்டு வெயில் மாதிரி: பத்து மணிக்கு அடிக்கும், பதினொன்றுக்குப் பனி மூடிவிடும். அது இல்லாத நேரத்திலும் நடக்கிற ஏற்பாடுதான் மீதிப் படிகள்.

படி 3: சீனிப் போத்தல்

எதை முதலில் மாற்றுவது என்று கேட்டால் நான் தயங்காமல் தேத்தண்ணிச் சீனியைத்தான் சொல்வேன். கணக்கைப் பாருங்கள். நாளைக்கு ஆறு கோப்பை. காலை எழும்பியதும், பத்து மணிக்கு, சாப்பிட்ட பிறகு, நாலு மணிக்கு, விளக்கு வைத்ததும், யாராவது வந்தால் அவர்களோடு ஒன்று. கோப்பைக்கு இரண்டு கரண்டி, கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்தால் நாளைக்கு 60 கிராம். மாதத்துக்கு 1.8 கிலோ சீனி ஒரு ஆளுக்கு, தேத்தண்ணியில் மட்டும். எனக்கு நம்ப முடியாமல் கடைக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். மூன்று பேர் வீட்டுக்கு மாதம் ஆறு கிலோ சீனி எழுதியிருந்தது. கணக்குச் சரி.

60 கிராம் சீனி 240 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் இருப்பது ஏறத்தாழ 7,700 கலோரி. மாதச் சீனியின் கலோரி 7,200. உடம்பு இப்படி நேர்க்கணக்காக இறங்குவதில்லை என்றாலும், எங்கே கை வைக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது. சேர்க்கும் சீனி எல்லாம் சேர்ந்து நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒரே நாளில் நிறுத்த முயன்று மூன்று தடவை தோற்றேன். நாலாவது நாள் தலையிடியும் எரிச்சலுமாக மூன்று கரண்டி போட்டுக் குடித்துவிட்டு, "நமக்கு இது சரிவராது" என்று விட்டுவிடுவேன். சரிவந்த வழி இது. சீனிப் போத்தலுக்குள் கிடந்த பெரிய கரண்டியை எடுத்துவிட்டு, பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் சின்னக் கரண்டியைப் போட்டேன். முதல் இரண்டு வாரம் குவிக்காமல், கத்தியால் வழித்து இரண்டு. அடுத்த இரண்டு வாரம் ஒன்றரை. பிறகு ஒன்று. பிறகு அரை. இரண்டரை மாதத்தில் சாயத் தண்ணியை, அதாவது பாலில்லாத தேத்தண்ணியை, வெறுமனே குடிக்க முடிந்தது. நாக்குப் பழகிய பிறகு, பாடசாலை கன்டீன் தேத்தண்ணி பாணி மாதிரி இருந்தது. இடையில் கஷ்டமாக இருந்தால் தாத்தா காலத்து வழி ஒன்று உண்டு: சீனியைக் கோப்பையில் போடாமல் அரைக் கரண்டியை உள்ளங்கையில் வைத்து, நக்கிக்கொண்டே சாயம் குடிப்பது. நாக்கில் நேராகப் படுவதால் கொஞ்சமே போதும். இஞ்சி தட்டிப் போட்டால் இனிப்பில்லாத குறையும் பெரிதாகத் தெரியாது.

பால் தேத்தண்ணிக்காரர்களுக்கு: முழு ஆடைப் பால் மா 20 கிராமில் 100 கலோரி அளவில் இருக்கிறது. நாளைக்கு ஒரு பால் தேத்தண்ணி, மற்றதெல்லாம் சாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிப்பதையும் ஒரு மணித்தியாலம் தள்ளுங்கள். சாயம் சாப்பாட்டிலிருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கும். இரத்தம் குறைந்த பெண்களுக்கு இது முக்கியம்.

போத்தல் பானங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2016 முதல் இலங்கையில் அவற்றின் மேல் நிறப் பொட்டு இருக்கிறது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் ஒன்பது கரண்டி. வைத்துவிட்டு வாருங்கள்.

படி 4: ரொட்டியும் சோறும்

ரொட்டியை விடச் சொல்லி யாராவது உங்களுக்குப் பட்டியல் கொடுத்தால், அவர் மலையகத்தில் இருந்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதிகாலையில் பிசைந்து சுட்டு, கட்டச் சம்பலோடு சுருட்டிக்கொண்டு ஓடக்கூடிய சாப்பாடு வேறு எது இருக்கிறது? ஆனால் 100 கிராம் கோதுமை மாவில் 350 கலோரிக்குக் குறையாது. தேங்காய்ப் பூவும் கல்லில் தடவும் எண்ணெயும் சேர்ந்தால் ஒரு கனமான தோட்டத்து ரொட்டி 400 ஐத் தாண்டும். இரண்டு ரொட்டி 800. சமதரையில் ஒரு மணித்தியாலம் வேகமாக நடந்தால் என் போன்ற உடம்பு எரிப்பது 250 அளவுதான். தின்றதை நடந்து தீர்க்கலாம் என்ற எண்ணம் அதோடு எனக்குப் போய்விட்டது.

நான் மூன்று மாற்றம் செய்தேன். முதலாவது, ரொட்டியை எண்ணிக்கையில் குறைக்காமல் உருண்டையில் குறைத்தது. முன்பு கைப்பிடி நிறைய இருந்த மா உருண்டையைக் கோழி முட்டை அளவுக்குக் கொண்டுவந்தேன். தட்டில் இப்போதும் இரண்டு ரொட்டிதான், கண்ணுக்குக் குறை தெரியாது. இரண்டாவது, மாவுக்குள் மரக்கறி. இரண்டு கைப்பிடி மாவுக்கு ஒரு கைப்பிடி துருவிய கரட் அல்லது பொடியாய் அரிந்த கோவா, கொஞ்சம் முருங்கைக்கீரை, வெங்காயம், பச்சை மிளகாய். மரக்கறியில் உப்புப் போட்டு ஐந்து நிமிடம் வைத்தால் அதுவே தண்ணி விடும். அந்தத் தண்ணியிலேயே மாவைப் பிசையுங்கள், பிறகு தேவைப்பட்டால் மட்டும் தண்ணி தெளியுங்கள். முதல் நாள் இதைத் தெரியாமல் தண்ணி ஊற்றிக் கல்லில் களி கிண்டினேன். மூன்றாவது, தேங்காய்ச் சம்பலுக்குப் பதில் வாரத்தில் நாலு நாள் கட்டியான பருப்பு அல்லது அவித்த கடலை. வயிறு பத்து மணி வரை தாங்கும். பணிஸ் கடையைத் தாண்டிப் போகிற தைரியம் அந்தக் கடலையில் இருந்து வந்ததுதான்.

குரக்கன் (கேழ்வரகு) பற்றி ஒரு வார்த்தை. குரக்கன் மாவில் கலோரி கோதுமை மாவை விடப் பெரிதாகக் குறைவில்லை. நார்ச்சத்துக் கூட, பசி தாங்கும், அதுதான் அதன் பலன். "குரக்கன்தானே" என்று நாலு ரொட்டி தின்றால் நாலு ரொட்டிதான். முழுக் குரக்கனில் ரொட்டி வெடிக்கும். பாதிக்குப் பாதி கோதுமை மா கலந்து, சுடுதண்ணியில் பிசைந்தால் மடியும்.

பகல் சோற்றுக்குத் தட்டை மாற்றினேன். வேகிய சோறு 100 கிராமில் 130 கலோரி. குவித்துப் போட்ட தட்டில் அரைக் கிலோ சோறு இலகுவாக நிற்கும். இப்போது சின்னப் பீங்கான். முதலில் மரக்கறியும் கீரைச் சுண்டலும் பாதித் தட்டை அடைக்க வேண்டும், பிறகு பருப்போ மீனோ முட்டையோ, மிஞ்சிய இடத்துக்குச் சோறு. வரிசை முக்கியம். முதலில் சோறு போட்டால் மற்றதெல்லாம் அதன் மேல் தொட்டுக்கொள்ள வருகிற விருந்தாளி ஆகிவிடும்.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம். நுவரெலியா, வெலிமடைப் பக்கம் விளையும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் பீட்ரூட்டும் இரவோடிரவாகக் கொழும்புக்கு லொறி ஏறுகின்றன. நாம் அந்த லொறிக்கு வழிவிட்டு நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்குப் பிரட்டலோடு சோறு சாப்பிடுகிறோம். கிழங்கு மரக்கறிக் கணக்கில் வராது. அது சோற்றின் தம்பி. வேலியோரம் படர்ந்து கிடக்கும் சவ்சவ்வின் கொழுந்து, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் காசில்லாமல் கிடைக்கும் சுண்டல். தேங்காய்ப் பூ இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

ஆண்களுக்கு ஒரு வரி சேர்க்கிறேன். சாராயமும் பியரும் கலோரிதான், கூட வரும் பைட் அதைவிடப் பெரிய கலோரி. பொரித்த கடலையும் டெவல் இறைச்சியும் இரவு பத்து மணிக்கு எந்தக் கணக்கிலும் எழுதப்படாமல் உள்ளே போகின்றன.

படி 5: புதுப் பழக்கத்தைத் தேத்தண்ணியில் கட்டுங்கள்

ஒரு பழக்கம் தானாக நடக்க எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிற்றி கொலேஜில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 96 பேரை வைத்துப் பார்த்து 2010 இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 66 நாள் வந்தது. ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். எனக்கு அதில் பிடித்தது இன்னொரு முடிவு: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கலைந்துவிடவில்லை. எங்களுக்கு இது தெரியாததால்தான் ஒரு பிறந்தநாள் கேக்கோடு முழுத் திட்டத்தையும் கைவிடுகிறோம்.

புதிய பழக்கத்துக்கு ஏற்கெனவே நடக்கிற ஒன்று ஆணியாக வேண்டும். மலையகத்தில் மணிக்கூட்டை விடச் சரியாக நடப்பது தேத்தண்ணி. அதில் மாட்டுங்கள். "நேரம் கிடைத்தால் நடப்பேன்" என்று எழுதாதீர்கள். "நாலு மணித் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்ததும் சப்பாத்துப் போடுவேன்" என்று எழுதுங்கள். "எது நடந்ததும் எதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்பவர்கள் வெறுமனே ஆசைப்படுபவர்களை விட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டுகின்றன. என் பட்டியல் இது: காலைத் தேத்தண்ணி கொதிக்கும் வரை இருபது தடவை கதிரையில் உட்கார்ந்து எழும்புவது, பத்து மணித் தேத்தண்ணியோடு பணிஸுக்குப் பதில் ஒரு கொய்யா அல்லது வீட்டிலிருந்து கொண்டுபோன கடலை, நாலு மணிக்குப் பிறகு நடை, விளக்கு வைத்த பிறகு குடிக்கும் சாயத்தோடு அன்றைய சமையல் மூடப்படும்.

மூன்று நாலு பழக்கத்தை ஒன்றாகத் தொடங்காதீர்கள். ஒன்று தானாக நடக்கத் தொடங்கிய பிறகு அடுத்தது. கலண்டரில் செய்த நாளுக்கு ஒரு புள்ளடி. ஒரு நாள் விடுபடலாம், அடுத்தடுத்து இரண்டு நாள் விடுபடக்கூடாது. நான் வைத்துக்கொண்ட ஒரே சட்டம் அது.

வீட்டில் பொருள் இருக்கும் இடமும் பாதி வேலையைச் செய்யும். பிஸ்கட் டின்னை அலுமாரியின் மேல் தட்டில் வைத்தேன். கதிரை போட்டு ஏறி எடுக்க வேண்டும். அப்படி ஏறி எடுத்தும் தின்றிருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் முன்பு தினமும், இப்போது வாரத்தில் ஒரு நாள்.

படி 6: மலை நாட்டில் நடப்பது

வாரம் 150 நிமிட வேகநடை போதும் என்பது பொதுவான அளவு. ஐந்து நாள், அரை மணித்தியாலம். சமதரை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஏற்றம் எங்களுக்கு இலவச ஜிம். பேசக்கூடியதாக, ஆனால் பாட முடியாததாக மூச்சு இருந்தால் வேகம் சரி. இறக்கத்தில்தான் முழங்கால் அடி வாங்கும். எடை கூடியவர்கள் இறங்கும்போது சின்ன அடி வையுங்கள், கால் வலித்தால் ஏற்றத்தில் நடந்து ரோட்டு வழியாக பஸ்ஸில் திரும்பினாலும் குற்றமில்லை.

தேயிலைக்கு நடுவே போகிறவர்கள் குளவியை மறக்காதீர்கள். கூடு இருக்கும் மரத்தடியை ஊரில் எல்லோருக்கும் தெரியும், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விடியும் முன் தனியாகக் குறுக்குப் பாதையில் இறங்காதீர்கள். நாய், சிறுத்தை, வழுக்கல் மூன்றும் இருக்கின்றன. பெண்களுக்கு இன்னொரு சோடி அவசியம், பாதுகாப்புக்கும் பேச்சுக்கும். நானும் அடுத்த வீட்டு அக்காவும் போவோம். எனக்குச் சோம்பலான நாள் அவர் கேற்றைத் தட்டுவார், அவருக்குச் சோம்பலான நாள் நான். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் சோம்பல் வந்தது மழைக் காலத்தில் மட்டும்தான்.

அந்த மழைதான் பெரிய சோதனை. மே முடிந்து தென்மேற்குப் பருவம் பிடித்தால் மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன் பக்கம் நாட்கணக்கில் வெளுக்காது. முதல் வருடம் ஜூனில் நடை நின்று, ஓகஸ்டில் 1.7 கிலோ திரும்ப ஏறியது. மறு வருடம் மழைத் திட்டம் ஒன்று முன்கூட்டியே வைத்தேன்: வீட்டு வாசல் படி ஒன்றில் ஏறி இறங்குவது, பத்து நிமிடம், காலையும் மாலையும். கூடவே இரண்டு தண்ணிப் போத்தலைத் தூக்கி இறக்குவது. பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நித்திரையும் இதில் சேர்த்திதான். ஏழு மணித்தியாலத்துக்குக் குறைந்த இரவுக்கு மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்பும் எண்ணெயுமாகக் கேட்கும். போனை அடுப்படியில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுப் படுங்கள்.

படி 7: வீட்டு வாய், ஊர் வாய்

எங்கள் ஊரில் மெலிவது நல்ல செய்தி இல்லை. பஞ்சத்திலும் நோயிலும் மெலிந்தவர்களைப் பார்த்த சனம். நாலு கிலோ குறைந்ததும் பஸ்ஸில் ஒருவர், "என்னா டீச்சர், சொகமில்லையா?" என்று கேட்டார். சாப்பாடு போடுவதுதான் எங்கள் வீடுகளில் பாசம். "போதும்" என்று சொன்னால் பாசத்தைத் தள்ளிவிட்ட மாதிரி.

அம்மாவிடம் முதல் தடவை சீனி வேண்டாம் என்றபோது முகம் மாறிவிட்டது.

"ஏன், வீட்டுல சீனி இல்லனு நெனச்சியா?"

"இல்லம்மா, சுகர் வாற மாதிரி இருக்குனு டொக்டர் சொன்னாரு."

"ஒரு கரண்டி போட்டா என்னா ஆயிரும்? ஒங்க அப்பா நாலு கரண்டி போட்டுக் குடிச்சாரு."

அப்பாவுக்குக் கடைசியில் சுகரில் கால் புண் ஆறவே இல்லை. அதை நான் சொல்லவில்லை. அம்மாவும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சாயத்தை ஊற்றிக் கொடுத்து, சீனிப் போத்தலைத் தள்ளிப் பக்கத்தில் வைத்தார்.

அனுபவத்தில் கண்டது: "டயட்" என்று சொன்னால் எல்லோரும் வாதாடுவார்கள், "டொக்டர் சொன்னார்" என்றால் விட்டுவிடுவார்கள். விருந்துக்குப் போனால் முதலில் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டாவது தடவை கேட்டு வாங்குங்கள். கேட்டு வாங்கியவரை யாரும் குறை சொல்வதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் சாப்பிடுங்கள். ஒரு நாள் பலகாரம் யாரையும் கொழுக்க வைக்காது. தீபாவளி டின் காலியாகும் வரை தொடர்கிற பத்து நாள்தான் ஏற்றுகிறது. நான் மறுநாளே பாதியைப் பாடசாலைக்குக் கொண்டுபோய்விடுவேன்.

படி 8: மாயப் பொடி வாங்காதீர்கள்

இதை வாங்கிப் பார்த்தவள் என்ற தகுதியில் எழுதுகிறேன். போனில் விளம்பரம் பார்த்து, "மெலியும் தேநீர்" என்று ஒரு பெட்டி தபாலில் வரவழைத்தேன். தேயிலைக்குள் பிறந்து வளர்ந்தவள் பெட்டியில் தேயிலை வாங்கினாள் என்று என் கணவர் இன்னும் சொல்லிக்காட்டுவார். ஐந்து நாளில் 2 கிலோ குறைந்தது. ஐந்து நாளும் வயிற்றோட்டம். நிறுத்திய மூன்றாம் நாள் இரண்டு கிலோவும் வந்துவிட்டது, ஏனென்றால் போனது தண்ணி. இதைவிட மோசமானதும் நடக்கலாம். மாரடைப்பு, பாரிசவாத ஆபத்தைக் கூட்டியதால் 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, "மூலிகை" என்ற பெயரில் விற்கும் இப்படிப்பட்ட பொருட்களுக்குள் ஒளிந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. வாரத்துக்கு அரைக் கிலோ, கூடினால் ஒரு கிலோ. அதை விட வேகமாக இறக்கித் தருவதாகச் சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

படி 9: தராசு அசையாத மாதம்

வாரத்தில் ஒரு நாள், அதே கிழமை, காலையில் முகம் கழுவி ஒன்றும் குடிக்க முன் எடை பாருங்கள். தினமும் பார்த்தால் உப்பும் தண்ணியும் மாதவிடாயும் ஆட்டுகிற ஆட்டத்தில் மனசு உடையும். டவுனில் பார்மசித் தராசில் பார்ப்பதென்றால் ஒரே தராசில், ஒரே நேரத்தில் பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் வேகமாக இறங்கும், அதில் பாதி தண்ணிதான். மூன்றாம், நாலாம் மாதத்தில் ஒரு நாள் முள் நின்றுவிடும். என்னுடையது 63.8 இல் ஏழு வாரம் நின்றது. சின்ன உடம்புக்குச் சின்ன எரிபொருள் போதும் என்பதால் பழைய அளவே இப்போது சமநிலை ஆகிவிடுகிறது. அந்த ஏழு வாரத்திலும் இடுப்பு டேப் 3 சென்றிமீட்டர் இறங்கியிருந்தது. டேப்பை விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். நிற்கும்போது பட்டினி கிடக்காமல், கை அறியாமல் கூடிய அளவுகளைத் தேடுங்கள். எனக்கு மா உருண்டை மறுபடி வளர்ந்திருந்தது. ஒரு வாரம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன், அதிலேயே பிடிபட்டது.

குறைந்ததைக் காப்பாற்றுவது இன்னொரு வேலை. அமெரிக்காவில் 1994 முதல், 13.6 கிலோவாவது குறைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஏறாமல் காத்தவர்களின் பதிவு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் நாலில் மூன்று பேர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்க்கிறார்கள், பெரும்பாலானோர் தினமும் ஒரு மணித்தியாலம் அளவில் உடம்பை அசைக்கிறார்கள், காலைச் சாப்பாட்டை விடுவதில்லை. குறைந்த எடைக்கு 2 கிலோ மேலே ஒரு சிவப்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதைத் தொட்டால் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். படி 3, படி 4 இரண்டையும் முதல் வாரத்திலிருந்து திரும்பச் செய்யுங்கள்.

என் கோடு 61.5. இந்த வருடம் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு தராசு 61.8 காட்டியது. சீனிப் போத்தலைத் திறந்து பார்த்தேன். உள்ளே யாரோ பழைய பெரிய கரண்டியைத் திரும்பப் போட்டிருந்தார்கள்.